மொழிபெயர்ப்பாளர் இல்லாத நோயாளிக்காக ஓர் உரை

பொதுச் சேவைகளுக்காகக் குரல் கொடுத்தவர்கள் கனடாவில் பலர். ஆனால் தேர்தல் என்ற இடைஞ்சல் இல்லாமல் நியமனம் பெற்று, எழுபத்தைந்து வயதுவரை யாரும் எழுப்பமுடியாத நாற்காலியில் அமர்ந்து, களைக்காமல் குரல் கொடுத்தவர் செனட்டர் பெலெத்துவால் ஒருவரே. ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளர்களை நியமிக்க மத்திய அரசு நிதி தரவேண்டும் என்ற அவருடைய முழக்கம் தலைநகர் ஒட்டாவாவில் நன்றாகக் கேட்டது. அவர் அங்கேயே இருந்து முழங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

அத்தகைய பெருமகன் 2006 ஒக்டோபரில் பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழர்களை நேரில் சந்திக்கச் சித்தமானார். பேச்சைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். அந்த வட்டாரத்து ஆஸ்பத்திரியில் தமிழுக்கென்று இருந்த ஒரே மொழிபெயர்ப்பாளர் அக்னெஸ். ஆகவே அன்று ஒருநாள் அவள் "உயர் முன்னுரிமைப் பணிக்கு" மாற்றப்பட்டாள். அவளுடைய மேலாளர் நல்ல மனிதர். நிதி வந்தால் இன்னும் மூன்று அக்னெஸ் கிடைப்பார்கள் என்று நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்.

 அதே நாள் காலை பத்தரைக்கு, அக்னெஸ் மொழிபெயர்க்கவேண்டிய நோயாளி சிவநேசம் அண்ணைக்கு இதய வைத்தியரிடம் நேரம். ஏழு மாதம் காத்துக் கிடந்து கிடைத்தது. நெஞ்சைத் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன என்று வைத்தியர் சொல்லி, அது அவருக்கு விளங்கி, அதன்பிறகு அவர் சம்மதக் கையெழுத்து வைக்கவேண்டும். கூட்டத்தை ஏற்பாடு செய்த சங்கத் தலைவர் இரவிச்சந்திரனுக்கு அவள் போன் எடுத்தாள்.

"அண்ணை, அப்ப சிவநேசம் அண்ணைக்கு ஆர் கதைக்கிறது?"

"கையக் காட்டிச் சமாளிப்பார் பிள்ளை. மிராபெல் எயார்போட்டில வந்து இறங்கேக்க நாங்கள் எல்லாரும் கையாலதானே கதைச்சனாங்கள்."

"இது நெஞ்சு விசயம் அண்ணை."

"நெஞ்சைக் காட்டுறது இன்னும் சுகம்."

இப்படிப்பட்ட தீர்க்கதரிசிகள் நம் சங்கங்களுக்குத் தலைவர்களாக வாய்த்தது நம்முடைய பாக்கியம்.

மண்டபத்தில் செனட்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கோட்டுக்கு மேலே அது அழகாகவே இருந்தது. அவர் அந்த நகரத்து மொழியான பிரெஞ்சில் தொடங்கினார். பக்கத்தில் நின்ற அக்னெஸ், தொழில் விதிப்படி, கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னாள்.

"இந்த நிமிடம், இந்த நகரத்தில், ஒரு நோயாளி வைத்தியர் முன்னால் ஊமையாக நிற்கிறார். அவருடைய மொழிபெயர்ப்பாளர் எங்கே? நான் கேட்கிறேன், எங்கே?"

இரண்டாவது "எங்கே"யை அவள் செனட்டரைவிடச் சத்தமாகச் சொன்னாள். தம் பேச்சின் வலிமை அது என்று செனட்டர் நினைத்துக்கொண்டார்.

கேள்விக்குப் பதில்போல வாசற்கதவு திறந்தது. ஆஸ்பத்திரிக் கடித உறையோடு சிவநேசம் வந்தார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வைத்தியர் அவரைப் பார்க்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண் அக்னெஸின் பெயரையும் மண்டபத்தின் முகவரியையும் எழுதிக் கொடுத்து, கையால் வாசலைக் காட்டியிருக்கிறாள். வைத்தியரும் இங்கேதான் மாறி வந்துவிட்டார் என்று மனுசன் முடிவு செய்திருந்தார். மேடையில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் அக்னெஸ். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? நேரே ஏறிப்போய்ச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார்.

"டொக்டர் ஐயா, எப்ப வெட்டுவியள்?"

"அண்ணை, இவர் டொக்டர் இல்லை."

"அப்ப நீர் ஏன் பிள்ளை இவரோட நிக்கிறீர்?"

 அன்றுபோல அவள் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை.

"என்ன சொல்கிறார்?" என்றார் செனட்டர்.

"நான் ஏன் உங்களோடு நிற்கிறேன் என்று கேட்கிறார்."

"ஆழமான கேள்வி," என்றார் செனட்டர். திறந்த சட்டையோடு நின்றவரின் தோளில் கைபோட்டார். படம் எடுத்தார்கள். சிவநேசத்துக்கு அடுத்த நேரம் பெப்ரவரியில் ஒரு செவ்வாய், காலை பத்தரைக்குக் கிடைத்தது.

ஜனவரியில் செனட்டரின் அறிக்கை வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தப் படம்; கீழே, "மொழிபெயர்ப்பாளரின் உதவியுடன் தம் குறையைக் கூறும் நோயாளி." நிதி அதிகாரிகள் படத்தைக் கவனமாகப் பார்த்தார்கள். சேவை சிறப்பாக நடப்பது கண்கூடு என்றும், ஆகவே மேலதிக நிதி அவசியமில்லை என்றும் பதில் எழுதினார்கள்.

செனட்டர் மனம் தளரவில்லை. மீண்டும் வந்து மீண்டும் பேச நாள் குறித்தார். அது சிவநேசத்தின் அதே பெப்ரவரிச் செவ்வாய், அதே பத்தரை. இரவிச்சந்திரன் போன் எடுத்தார்.

"நான் வரேல்ல அண்ணை. ஆஸ்பத்திரியில நிப்பன்."

"மேலிடத்தில பேசி வைச்சிருக்கிறன் பிள்ளை. வேலைக்கு மோசம் வரும்."

"வரட்டும்."

"அப்ப செனட்டருக்கு ஆர் கதைக்கிறது?"

"கையக் காட்டிச் சமாளிப்பார்," என்று சொல்லி அக்னெஸ் போனை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அக்னெஸ் தமிழில் சொல்ல, வைத்தியர் இரண்டு பக்கச் சம்மதப் படிவத்தை வரி வரியாக விளக்கினார். சிவநேசம் மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் பதில் கிடைத்தபிறகே பேனாவை வாங்கினார்.

அதே நேரம் மண்டபத்தில் செனட்டர் நாற்பது நிமிடம் பிரெஞ்சில் பேசினார். இரவிச்சந்திரன் கைதட்டிய இடத்திலெல்லாம், ஒரு சொல்லும் விளங்காத முன்வரிசைப் பெரியவர்களும் தட்டினார்கள். "சமூகத்தின் முழுச் சம்மதம் கிடைத்தது" என்று செனட்டர் குறித்துக்கொண்டார். விளங்காத மனிதரிடம் சம்மதம் வாங்க ஆஸ்பத்திரியில் சட்டம் விடாது. மேடைக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை.