மூணு தரம் சொல்லத் திணறிய ஏலக்கார அண்ணாச்சி

சங்கரன்கோவிலில் மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான் உண்டு. அவரைப் பிடித்துத்தான், வகுப்புக்குத் துணை என்று என் தலையில் கட்டினார்கள். அவர் ரகசியம் சொன்னால் ராஜபாளையம் ரோட்டில் போகிற பஸ் நின்று, என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுப் போகும். பூ மார்க்கெட்டில் ஏலம் விடுவது அவர் தொழில். விடிந்ததும் விடியாததுமாக மல்லிகையையும் பிச்சியையும் கூடை கூடையாக ஏலம் விட்டுப் பழகிய தொண்டை, வீட்டுக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் அதே சுருதியில்தான் கேட்கும். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் தெருவில் அது யாருக்கும் தெரியாது. ஏலக்கார அண்ணாச்சி என்றால் தெரியாத ஆளும் கிடையாது.

நான் பள்ளிக்கூட டீச்சர். தெருப் பிள்ளைகளுக்குச் சாமி கதைகளும் பாட்டும் சொல்லித்தர, எங்கள் தெருச் சங்க மண்டபத்தில் ஞாயிறு காலையில் ஒரு வகுப்பு ஆரம்பித்தேன். அதற்குக் காரணம் எதிர் வீட்டு இசக்கிமுத்து. ஒரு நாள் அவன் என்னிடம், "டீச்சர், ஆடித்தவசுன்னா என்ன? ராட்டினம் வருமே, அதுவா?" என்று கேட்டான். எங்கள் அம்மன் கோயிலின் பெரிய திருவிழாவே அதுதான். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்கிற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பி.எட்.டில் படித்ததையெல்லாம் இறக்கினேன். ஒவ்வொரு வாரமும் சார்ட் பேப்பரில் நோக்கம், கதை, பாட்டு, செயல்பாடு, கேள்வி பதில் என்று வண்ண வண்ணமாக எழுதித் தொங்கவிட்டேன். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். ஒரு மாதத்தில் கூட்டம் பாதியாகக் கரைந்தது. மிச்சம் இருந்தவர்களும் சுண்டலுக்காக இருந்தவர்கள்.

ஒரு நாள் சங்கத் தலைவர் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், ஆளையே காணோம்? கூட்டம் சேக்கத் தெரிஞ்ச மனுசன் நம்ம தெருவுலயே இருக்காரே, அனுப்பி வைக்கேன்" என்றார். அனுப்பியும் வைத்தார்.

அன்றைக்கு என் பாடம் கஜேந்திர மோட்சம். யானை படம் வரைந்து, முதலைக்குப் பல் எல்லாம் வைத்து, "குளக்கரையில் ஒரு நாள்..." என்று நான் ஆரம்பித்ததுதான் தாமதம்.

"டீச்சரம்மா, நீங்க செத்த உக்காருங்க" என்றார் அண்ணாச்சி. தோள் துண்டை இடுப்பில் கட்டினார். ஸ்டூல் மேல் ஏறினார்.

"ஏலே, ஆனை கூப்பிடுது! ஆதிமூலமேங்குது! யாரு வாரா? யாரு வாரா? ஒரு தரம்! தேவருங்க மொத்தப் பேரும் மேல நின்னு வேடிக்கை பாக்காங்க, ஒருத்தன் வாயத் தொறக்கல! ரெண்டு தரம்! தண்ணி கழுத்துக்கு வந்துட்டு! முதலை இழுக்குது! யாரு வாரா?"

பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். "பெருமாளே, சீக்கிரம் வாங்க!" என்று ஒரு பெண் அழுதே விட்டாள். அவள் இசக்கிமுத்துவின் அக்கா மாரிச்செல்வி.

"மூணு... வந்துட்டாருலே, கருடன் மேல!"

மண்டபம் அதிர்ந்தது. அடுத்த தெருவிலிருந்து நாய்கள் பதில் சொல்லின. அடங்கியதும் மாரிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதலை என்னாச்சு?" என்று கேட்டாள்.

"அதுக்கும் மோட்சந்தாம்ட்டி. சரக்கு ரெண்டும் மேல போயிட்டு!"

நான் வரைந்த யானையை அன்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மண்டபம் நிறைந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் எந்தக் கதையை எடுத்தாலும் அவர் ஏலத்தில் கொண்டுபோய் விட்டால் எந்த டீச்சருக்குத்தான் எரிச்சல் வராது? வில்லை உடைக்க ஆள் கேட்டு ஜனகர் சபையில் ஏலம். ஞானப்பழம் யாருக்கு என்று கயிலாயத்தில் ஏலம். ஒவ்வொரு கதைக்கும் முன்னால் சட்டம் வேறு சொல்லுவார்: "மூணு தரம்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு மக்கா. அதுக்கப்புறம் பிரம்மாவே வந்து கேட்டாலும் பேச்சு மாறப்பிடாது."

பிள்ளைகளுக்கு வியாதி தொற்றிக்கொண்டது. இசக்கியின் அம்மா தெருவிலேயே என்னை மறித்துக்கொண்டாள். "டீச்சர், நீங்க சாமி கதை சொல்லித் தாரீயளா, என்ன சொல்லித் தாரீய? காலையில கடைசி இட்லிய இவன் ஏலம் விடுதான். இவன் அக்காக்காரி கேக்கா. இவுக அப்பாவும் சேந்து கேக்காரு!"

அண்ணாச்சியிடம் போய் முறையிட்டேன். அவர் முகமெல்லாம் பூரிப்பு. "அப்பா யாருக்கு விட்டுக் குடுத்தாராம்?" என்று கேட்டார். இந்த மனிதரிடம் நான் என்ன பேசுவது?

பிரகலாதன் கதை வந்தது. நோக்கம்: இறைவன் எங்கும் இருக்கிறான். செயல்பாடு: தூண் படத்துக்கு வண்ணம் தீட்டுதல். நான் படங்களை விநியோகித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி, "படத்துல என்னத்த இருக்கு டீச்சரம்மா? இங்கன நெசத் தூணே நிக்கி" என்றார். மண்டபம் அப்போதுதான் வெள்ளையடித்து முடித்திருந்தது.

"இந்தத் தூணுல இருக்காரா? தட்டிப் பாருலே! ஒரு தரம்!"

பிள்ளைகள் தட்டவில்லை, உதைத்தார்கள். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. கடைசித் தூணுக்குப் பின்னால் சாமான் அறை. நாற்காலி எடுக்க உள்ளே போன சங்கத் தலைவர், அங்கேயே ஒன்றில் உட்கார்ந்து கண்ணயர்ந்திருக்கிறார். அது எங்களில் யாருக்கும் தெரியாது. "ரெண்டு தரம்!" என்று அண்ணாச்சி முழங்க, பிள்ளைகள் அந்தத் தூணை உதைக்க, மீசை சிலிர்க்க, தலைமுடி குத்திட்டு நிற்க, "எவம்லே அது!" என்று கர்ஜித்துக்கொண்டு கதவைப் பிளந்து வெளியே வந்தார் தலைவர்.

பிள்ளைகள் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு விழுந்து கும்பிட்டார்கள்.

இரணியன் யாரும் கையில் கிடைக்காததால் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், இதுதான் பாடம் நடத்துத லட்சணமா? ஆடித்தவசு வருது. அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம பெத்தவங்களக் கூப்பிட்டு ஒரு நிகழ்ச்சி நடத்திக் காட்டுங்க. ஒழுங்கா நடந்தா வகுப்பு இருக்கும். இல்லன்னா மண்டபம் கராத்தே மாஸ்டருக்கு. அவரு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காரு."

வீட்டுக்கு வந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அந்த வகுப்பு என் பிள்ளை மாதிரி. அதை இந்த ஏலக்காரர் தூக்கிக் கராத்தே மாஸ்டர் கையில் கொடுக்கப் பார்க்கிறாரே என்று ஆத்திரம்.

நிகழ்ச்சிக்கு எங்கள் ஊர்க் கதையையே எடுத்தேன். சங்கன், பத்மன் என்று இரண்டு நாக ராஜாக்கள். சங்கனுக்குச் சிவன்தான் பெரியவர். பத்மனுக்குப் பெருமாள்தான் பெரியவர். சண்டை முற்றி அம்மனிடம் வருகிறார்கள். கோமதியம்மன் ஒற்றைக் காலில் நின்று தவசு இருக்கிறாள். சுவாமி பாதி சிவனாகவும் பாதி பெருமாளாகவும் காட்சி கொடுக்கிறார். கடைசியில் பிள்ளைகள் எல்லோரும் கைகோத்து "இரண்டும் ஒன்றே" என்று சொல்ல வேண்டும். எளிய நாடகம். எந்தக் கொம்பனாலும் கெடுக்க முடியாது என்று நினைத்தேன்.

அண்ணாச்சி ஒத்திகைக்கு வந்த முதல் நாளே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து எதிரும் புதிருமாக உட்கார வைத்தார். இந்தப் பக்கம் சங்கன் கட்சி, தலைவன் இசக்கி. அந்தப் பக்கம் பத்மன் கட்சி, தலைவி மாரி.

"ஈசன் பெருசா, பெருமாள் பெருசா? கேளுங்கலே, கேளுங்க!"

"சிவன் தலையில கங்கை இருக்கு!" என்றான் இசக்கி.

"அந்தக் கங்கையே பெருமாள் பாதத்துல இருந்துதாம்ல வந்துச்சு!" என்றாள் மாரி.

"சிவன் வெசத்தையே குடிச்சாரு!"

"பெருமாள் ஆமையா மலையத் தாங்குனதுக்கு அப்புறந்தான் வெசமே வந்துச்சு!"

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மேல கேளு, மேல கேளு!"

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல? பிள்ளைகள் பாயிண்ட் தேடி ஊரையே அலசினார்கள். பூக்கட்டுகிறவர், பாட்டு வாத்தியார், ஓதுவார், ஒருவரையும் விடவில்லை. நான் இத்தனை நாள் சொல்லிக் கொடுத்ததைவிட அதிகம் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். கூடவே நெற்றியில் பட்டை போட்டவன் நாமம் போட்டவளோடு பேசுவதில்லை. சுண்டலை இரண்டு பாத்திரத்தில் பிரிக்கச் சொன்னார்கள். இசக்கியும் மாரியும் ஒரே வீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"அண்ணாச்சி, இதுகளை எப்படிச் சேர்த்து வைக்கப் போறீய?" என்று கேட்டேன்.

"கடைசியில எல்லாம் சரியாப் போவும் டீச்சரம்மா. மார்க்கெட்டுல அடிச்சிக்கிடாத வியாவாரியா?"

நிகழ்ச்சி நாள் வந்தது. பெற்றோர் நிறைந்திருந்தார்கள். முன் வரிசையில் தலைவர். அவருக்குப் பக்கத்தில் கராத்தே மாஸ்டர், கையில் அளவெடுக்கும் டேப்போடு.

வாதம் அமர்க்களமாக நடந்தது. பெற்றோர் கைதட்டினார்கள். இனி அம்மன் வர வேண்டும், எல்லோரும் கைகோக்க வேண்டும். ஒருவரும் அசையவில்லை.

"கைகோத்துக்கிடுங்கப்பா" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எதுக்கு டீச்சர்?" என்றான் இசக்கி. "ஏலம் இன்னும் முடியலயே. அண்ணாச்சி மூணு தரம் சொல்லட்டும். யாருக்குன்னு தெரியட்டும்."

"ஆமா, சொல்லட்டும்!" என்று பத்மன் கட்சியும் எழுந்தது. அம்மன் வேடம் போட்ட பெண் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பத்மன் கட்சியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாப் பார்வையும் அண்ணாச்சி மேல். அவர் வாயைத் திறந்தார். இசக்கியைப் பார்த்தார். மாரியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். யாருக்கு என்று சொன்னாலும் மண்டபத்தில் பாதிப் பிள்ளைகள் அழும். அந்த மனிதர் வாயடைத்து நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை. வகுப்பு போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன். கராத்தே மாஸ்டர் டேப்பை மெதுவாக இழுத்து நீட்டினார்.

அண்ணாச்சி ஸ்டூலை விட்டு இறங்கினார். மண்டபத்து நடுவில் வந்து நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து, ஒரு காலைத் தூக்கி மறு தொடையில் வைத்தார்.

மார்க்கெட்டின் ஈரச் சிமெண்டுத் தரையில் ஆண்டுக்கணக்கில் நின்று தேய்ந்த முழங்கால் அது. மாடிப்படி ஏறவே முனகுவார். உடம்போ கொஞ்ச உடம்பில்லை.

"அண்ணாச்சி, முழங்கால்!" என்று கத்தினேன்.

"சும்மா இரிங்க டீச்சரம்மா. தவசுல பேசப்பிடாது" என்று அவரே பேசினார். "ரெண்டு கட்சியும் சேர்ந்து வார வரைக்கும் காலை இறக்க மாட்டேன்."

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். நேரம் போகப் போகச் சிரிப்பு நின்றது. அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டியது. கால் நடுங்கியது. கராத்தே மாஸ்டருக்கே பொறுக்காமல், "மூச்சை அடக்காதீங்க அண்ணாச்சி! பார்வைய ஒரே எடத்துல வைங்க!" என்று பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

மாரிச்செல்விதான் முதலில் எழுந்தாள். நேராக வந்து அண்ணாச்சியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி, என்ன செய்த?" என்றான் இசக்கி.

"ஆடிச்சுத்துலே. தவசுக்கு முந்தி கோயில்ல எல்லாரும் எதுக்குச் சுத்துதாங்க? அம்மன் கால் வலிய நாம வாங்கிக்கிடத்தானே? நாம சுத்துனா அண்ணாச்சி வலி நமக்கு வந்துரும்."

இசக்கி ஒரு விநாடி யோசித்தான். பிறகு ஓடி வந்து அக்கா பின்னால் சேர்ந்துகொண்டான். அவன் பின்னால் பட்டை ஒன்று, நாமம் ஒன்று, மறுபடி பட்டை. வட்டமாகச் சுற்றுகிறவர்களில் எவன் எந்தக் கட்சி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாய்மார் சேர்ந்தார்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேர்ந்தார். ராட்டினம்தானே ஆடித்தவசு என்று என்னிடம் கேட்ட பையன், கைகூப்பிக்கொண்டு எனக்கு முன்னால் போகிறான். கண்ணில் நீர் முட்ட, நானும் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். காலை இறக்கினார். தடுமாறி, தலைவரின் காலி நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே அந்தக் குரல் கிளம்பியது.

"பாதி ஈசன், பாதி பெருமாள், கூடை ஒண்ணு! மூணு தரம்!"

வகுப்பு இன்றைக்கும் நடக்கிறது. கராத்தே மாஸ்டர் சனிக்கிழமை வருகிறார். அண்ணாச்சியின் முழங்கால் வீங்கிப் போய், இப்போது கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். கால்தான் கெட்டது, குரல் கெடவில்லை. என் பாடத்திட்டத்தைக் கெடுப்பதிலும் குறைவில்லை. போன வாரம் சேது பாலம் கட்ட ஆளுக்கொரு கல் கொண்டுவரச் சொல்லி, மண்டபத்து வாசலை அடைத்து வைத்துவிட்டார். அதை அள்ளிப் போட்டதில் என் இடுப்பு போயிற்று.

இந்த வருடமும் கோயிலில் ஆடிச்சுற்று சுற்றினேன். கடைசிச் சுற்று மட்டும் அம்மனுக்காக இல்லை. அவளிடம் கேட்டுக்கொண்டு அதை அண்ணாச்சியின் காலுக்காகச் சுற்றினேன். தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள். ஊர் முழுக்க ஏலம் விட்டுவிடுவார்.