சிவப்புக் காரும் நடுங்குற கையும்

சனிக்கிழமை சாயங்காலம், வெளியே மழை தூறிக்கிட்டு இருந்தப்ப, மூட்டம் ஒரு மாபெரும் முடிவு எடுத்தார். குற்றவாளி தன் வாயால ஒத்துக்கிற வரைக்கும் இந்த வீட்டுல சிரிக்கறதில்லை!

இதுல ஒரே ஒரு சிக்கல். அவர் கடைசியா சிரிச்சே ஆறு வருஷம் ஆச்சு. அதனால அவர் சிரிக்கலைங்கிறதை யாருமே கவனிக்கலை.

மூட்டம்னா மேகமூட்டம். பென்ஷன் ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க வெச்ச பேரு. "மழை நின்னுடுச்சு சார்"னா "நாளைக்கு வரும்"பார். "நாளைக்கு லீவு சார்"னா "நாளன்னைக்கு வரணுமே"ம்பார். யாராவது பிறந்தநாள் சாக்லேட் நீட்டினா, அவங்களுக்கு எத்தனை வயசு முடிஞ்சுபோச்சுன்னு கேட்டு பெருமூச்சு விட்டுட்டுத்தான் வாயில போடுவார்.

அப்படிப்பட்ட மனுஷனோட வாழ்க்கையில வெளிச்சமான இடம் ஒண்ணே ஒண்ணுதான். ஹால்ல இருக்கிற கண்ணாடி அலமாரி. உள்ளே நாற்பத்தோரு மாடல் கார். நிஜக் காரை அப்படியே சுருக்கி உலோகத்துல வார்த்தது. எல்லாமே பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். நட்ட நடுவுல ராஜா மாதிரி ஒரு சிவப்பு வண்டி. ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, நீள மூக்கு, நூல் நூலா கம்பி வெச்ச சக்கரம், திறந்து மூடுற கதவு. ஒரு சாண் நீளம்தான். ஆனா அதுக்கு முன்னாடி நின்னா மூட்டத்துக்கு முடியெல்லாம் காத்துல பறக்கும். தலையில இருக்கிறது பதினேழு முடி. பதினேழும் பறக்கும்.

"கண்ணைக் கட்டி விட்டாலும் என் காரைத் தொட்டே கண்டுபிடிப்பேன்"னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவார்.

அந்தக் கார்தான் அன்னைக்கு செத்துக் கிடந்துச்சு. முன் கண்ணாடி காணோம். இடது கதவு தொங்குது. ஒரு சக்கரம் நசுங்கி உள்ளே போயிருக்கு. மூக்குல பெயின்ட் உரிஞ்சு சாம்பல் நிறம் தெரியுது. அதைவிடக் கொடுமை, உடைஞ்ச பக்கத்தை சுவரைப் பாத்து திருப்பி வெச்சிருக்காங்க! அப்படின்னா தானா உடையலை. உடைச்சு, மறைச்சிருக்காங்க.

அலமாரிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு அவர்கிட்ட. இன்னொண்ணு தூசி தட்டுறதுக்காக வீட்டம்மாகிட்ட. வீட்டம்மாவுக்கு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலை. மனுஷனுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குறதையே தொழிலா வெச்சிருக்கிறவங்களைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் தைரியமா குடும்பம் நடத்தினவர் நம்ம மூட்டம்.

உடைஞ்ச காரை ஆபீஸ் பைக்குள்ள வெச்சுட்டு, சமையல்கட்டு வாசல்ல போய் நின்னார்.

"அலமாரியைத் திறந்தியா?"

"எந்த அலமாரி?"

"எந்த அலமாரியா? என்னம்மா கேள்வி இது?"

"இல்லீங்க, சமையல்கட்டு அலமாரியைக் கேக்குறீங்களோன்னு நினைச்சேன். அதைத் திறக்கவே வேணாம். கதவு தானா கழண்டு வந்து கால்ல விழுது."

மூட்டம் கப்புனு வாயை மூடிக்கிட்டார். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அந்தக் கதவு கீல் விட்டு அந்தம்மா பாதத்துல விழுந்து, இன்னும் விந்தி விந்தித்தான் நடக்குறாங்க. கதவு இப்ப சுவர் ஓரமா சாஞ்சு நிக்குது.

"நான் என்னம்மா பண்ணட்டும்? என் கை..."

"தெரியும்ங்க. நடுங்கும். இந்தாங்க டீ."

அரை டம்ளர் டீ. எட்டு வருஷமா அரை டம்ளர்தான்.

அந்தக் கதையையும் சொல்லிடணும். எட்டு வருஷத்துக்கு முன்னாடி சுவத்துல ஆணி அடிக்கச் சொன்னாங்க. மூட்டம் கட்டை விரல்ல அடிச்சுக்கிட்டார். மறுநாள் அந்த விரலோட டீ குடிக்கும்போது கொஞ்சம் சிந்துச்சு. "ஐயோ, கை நடுங்குதா உங்களுக்கு?"ன்னு பதறிக் கேட்டாங்க வீட்டம்மா. அந்தக் கேள்வி அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "ஆமா"ன்னுட்டார். ஒரே வார்த்தை! அன்னையிலிருந்து பல்பு மாட்டுறது, குழாய்க்கு வாஷர் போடுறது, ஃபேனுக்கு எண்ணெய் விடுறது எல்லாம் அந்தம்மாதான். ஞாயித்துக்கிழமை முழுக்க இவர் காருக்கு முன்னாடி உக்காந்து மூச்சு விடுவார். அந்த நடுக்கமும் அதிசயமான நடுக்கம். சாப்பிடும்போது வராது. ஃபைல்ல முத்திரை குத்தும்போது வராது. ஸ்க்ரூ டிரைவரைப் பாத்தா மட்டும் வரும்.

ஞாயித்துக்கிழமை மச்சினன் வந்தான். வீட்டம்மாவோட தம்பி. டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறவன். அவனும் மாடல் கார் சேக்கிறவன்தான், ஆனா புதுசு மட்டும். ரெண்டு பேரும் ஒரே ஹால்ல இருந்தா அது ஹாலா இருக்காது.

"மாமா, உங்க பழைய வண்டியெல்லாம் மழை வந்தா ஓட்டுறவன் தலையிலதான் பெய்யும். புதுசைப் பாருங்க. வளைவுல தானா பிடிச்சுக்கும், பிரேக் தானா போடும், வழுக்கினா தானா சரி பண்ணிக்கும்!"

"எல்லாம் தானா பண்ணிக்கும்னா நீ எதுக்குடா உள்ளே? பார்சலா? அது மூஞ்சியைப் பாரு. யாரோ மிதிச்ச சோப்பு டப்பா மாதிரி."

"வேகம் மாமா, வேகம்!"

"வேகமா எங்கடா போகப் போறே? எல்லாரும் கடைசியா போற இடம் ஒண்ணுதான். நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்க. மெதுவாத்தான் போவாங்க."

மச்சினன் டீயைக் கீழே வெச்சுட்டான். "அது சரி, உங்க சிவப்பு ராணி எங்கே மாமா, காணோம்?"

மூட்டம் ஓரக்கண்ணால வீட்டம்மாவைப் பாத்தார். அந்தம்மா துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. மடிப்பு கூட கலையலை. 'என்ன நெஞ்சழுத்தம்!'

அப்பதான் அந்தத் திட்டம் உதிச்சுச்சு. சத்தமே போடாம காரைச் சரி பண்ணி, பழைய இடத்துல வெச்சுடறது. உடைச்சவங்களுக்கு மட்டும்தான் அது உடைஞ்சதுன்னு தெரியும். முழுசா நிக்கிறதைப் பாத்ததும் முகம் மாறும்ல? மாறின அந்த நிமிஷமே அமுக்கிப் பிடிச்சு, அந்த ரெண்டாவது சாவியை வாங்கிடணும்! இனி அந்த அலமாரி அவருக்கு மட்டும்தான்.

திங்கட்கிழமையிலிருந்து பென்ஷன் ஆபீஸ் பழைய ஃபைல் ரூம்ல, மதியச் சாப்பாட்டு நேரத்துல, கதவைச் சாத்திக்கிட்டு வேலை நடந்துச்சு. பல்செட்டு வெச்சவங்க, போய்ச் சேந்தவங்க ஃபைலுக்கு நடுவுல ஒரு ஆபரேஷன். உரிஞ்ச பெயின்டை உப்புத்தாளால தேய்ச்சார். குண்டூசியை வெட்டி கதவுக்குக் கீல் செஞ்சார். சட்டைப் பெட்டி மேல இருந்த கண்ணாடித்தாளை வெட்டி முன் கண்ணாடி. நசுங்கின சக்கரத்துக் கம்பியை ஒவ்வொண்ணா முள்வாங்கியால நிமித்தினார். நாற்பத்தெட்டு கம்பி! சிவப்பு சரியா வர அஞ்சு தடவை கலக்கினார். ஒண்ணு ரத்தம் மாதிரி வந்துச்சு, ஒண்ணு மருதாணி மாதிரி வந்துச்சு. அஞ்சாவதுதான் அந்தச் சிவப்பு.

கடைசியா சீட்டைப் பாத்தார். பழுப்பா இருந்த சீட்டு கறுப்பா இருக்கு. 'அடப்பாவமே, துக்கத்துல நீயும் கறுத்துட்டியா!'ன்னு அதையும் பழுப்பாக்கினார். பிரஷ்ல முடியெல்லாம் வெட்டிட்டு மூணே மூணு முடி விட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு.

மூணு வாரம். கை ஒரு தடவை கூட நடுங்கலை.

ஞாயித்துக்கிழமை காலையில காரை அலமாரி நடுவுல வெச்சார். சாட்சிக்கு மச்சினனையும் வரச் சொல்லியிருந்தார்.

"ஏம்மா, இங்க வா. அலமாரியைப் பாரு."

விந்தி விந்தி வந்தாங்க. பாத்தாங்க.

"பாத்தேன்."

"என்ன தெரியுது?"

"கார் தெரியுது."

"நல்லாப் பாரு! சிவப்புக் காரு!"

"எப்பவும் போல இருக்கு. அழகாத்தான் இருக்கு. அடுப்புல பால் இருக்குங்க."

முகத்துல ஒரு சுருக்கம் கூட இல்லை. மூட்டத்துக்கு மூணு வார உழைப்பும் கண்ணு முன்னாடி கரைஞ்சு போச்சு. தாங்கலை.

"எப்பவும் போலவா? அது உடைஞ்சு கிடந்துச்சு! நீதான் உடைச்சே! உடைச்சு சுவரைப் பாத்துத் திருப்பி வெச்சே! நான்தான் சரி பண்ணினேன்!"

"நீங்களா?"

"நான்தான்!"

"சும்மா சொல்லாதீங்க. கடையில குடுத்திருப்பீங்க."

"கடையிலயா? எந்தக் கடைக்காரனுக்கு வரும் இந்த வேலை? கதவைப் பாரு, அந்தக் கீல் குண்டூசியில செஞ்சது! சக்கரத்துல நாற்பத்தெட்டு கம்பி, ஒவ்வொண்ணா நிமித்தினேன்! மூணு முடி பிரஷ்ஷால சீட்டுக்கு பெயின்ட் அடிச்சேன், ஒரு இடத்துல பிசிறு காட்டு பாப்போம்!"

"இந்தக் கையாலயா?"

"இந்தக் கையாலதான்!"னு ரெண்டு கையையும் நீட்டினார். கல்லு மாதிரி நின்னுச்சு ரெண்டும்.

மச்சினன் ஜன்னலைப் பாத்தான். மூட்டம் தன் கையைப் பாத்தார். அப்புறம்தான், ரொம்ப லேட்டா, அவருக்குப் புரிஞ்சுச்சு.

வீட்டம்மா தையல் மெஷின் டிராயரைத் திறந்து, பழைய துண்டுல சுத்தின ஒண்ணை எடுத்தாங்க. பிரிச்சாங்க. உள்ளே சிவப்புக் கார். முழுசா. ஒரு கீறல் இல்லை.

"இதுதாங்க உங்க கார்."

"அப்ப... அது?"

"அது என்னுது மாமா"ன்னான் மச்சினன், கூச்சப்பட்டுக்கிட்டே. "பழைய சாமான் கடையில ஒரு பெட்டி மாடல் கார் மொத்தமா வாங்கினேன். அதுல நசுங்கிக் கிடந்துச்சு. தூக்கிப் போட இருந்தேன். அக்காதான் குடுடான்னுச்சு."

"சீட்டு கறுப்பா இருந்துச்சே!"

"எங்கிட்ட இருந்தப்பவும் கறுப்புதான் மாமா."

வீட்டம்மா சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தா மூட்டத்துக்குத் தேவலையா இருந்திருக்கும்.

"கதவு கால்ல விழுந்த அன்னைக்கு தரையில உக்காந்திருந்தேன்ல? எந்திரிக்க முடியலை. 'என் கை நடுங்குதும்மா, தூக்க முடியாது'ன்னுட்டு ஹாலுக்குப் போயிட்டீங்க. தரையில இருந்தபடியே பாத்துக்கிட்டு இருந்தேன். கார்லேர்ந்து கழண்டு விழுந்த பக்கக் கண்ணாடி, அரிசி அளவு இருக்கும், அதை ரெண்டு விரல்ல எடுத்து ஒட்டிக்கிட்டு இருந்தீங்க. எட்டு வருஷமா எத்தனை டாக்டர்கிட்ட விசாரிச்சிருக்கேன் தெரியுமா, உங்க கையைப் பத்தி? பயந்துக்கிட்டே இருந்தேங்க."

மூட்டம் வாசலைப் பாத்தார். மழை வரும்னாவது சொல்லலாம். வெளியே வெயில் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

மச்சினன் அலமாரிகிட்ட போய் சரி பண்ணின காரைக் கையில எடுத்தான். கதவைத் திறந்தான், மூடினான். சக்கரத்தை விரலால சுத்திவிட்டான்.

"சொல்லக்கூடாது மாமா, பழசும் அழகுதான். நான் எடுத்துட்டுப் போறேன். சீட்டு பழுப்புலதான் நல்லா இருக்கு."

போயே போயிட்டான்.

வீட்டம்மா உள்ளே போய் டீ கொண்டுவந்தாங்க. ஒரு கையில டம்ளர். விளிம்பு வரைக்கும், தளும்பத் தளும்ப, எட்டு வருஷத்துல முதல் தடவையா முழு டம்ளர். இன்னொரு கையில ஸ்க்ரூ டிரைவர்.

மூட்டம் டம்ளரை வாங்கினார். கை நடுங்குச்சு. நிஜமாவே நடுங்குச்சு, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்.

"ஏம்மா, சத்தியமா சொல்றேன், இப்ப உண்மையிலேயே நடுங்குது. பாரு!"

"பாத்தேங்க. சிந்தாம குடிச்சுட்டு வாங்க, கதவை நான் பிடிச்சுக்கிறேன்."