ஜெல்லு சாரின் ஐஸ் பெட்டி

காலை ஆறேகால் மணி. மாடியில் துணி காயப்போடும் கொடியில் முதலில் கண்ணில் பட்டது, கிளிப் மாட்டித் தொங்கிய ஓர் ஆட்டுக்கால் எலும்பு. நடுவில் வட்டமாக ஓட்டை போட்டிருந்தது. முட்டைகூட நுழையாத வீடு அது. வீட்டுக்காரர் சரோஜாக்கா, வெங்காயம் நறுக்குவதற்கே நாள் பார்ப்பவர்.

"ரிப்போர்ட்டர் சார், இன்னா சார் இது அநியாயம்?" என்று என்னிடம்தான் கேட்டார். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

"நல்லா கழுவிட்டேன்க்கா. காஞ்சதும் எடுத்துடறேன்" என்றது, மாடிப்படியில் காரணமில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு குரல்.

அதுதான் ஜெல்லு சார். திருவண்ணாமலையிலேயே உட்காரத் தெரியாத ஒரே மனிதர்.

ரமணாசிரமம் பக்கம் அறை எடுக்கிறவர்கள் உட்காரத்தான் வருகிறார்கள். கண்ணை மூடினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திறப்பார்கள். இவர் இட்லியை நின்றபடி சாப்பிடுவார், சட்னிக்கு நடப்பார். பக்கத்து அறை ஜெர்மன்காரர் இவருக்குத் தியானம் கற்றுக்கொடுக்க முயன்று, இரண்டாவது நாள் தானும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அவருக்கு வேலை. ஹைட்ரோஜெல் செய்தார். பெரும்பகுதி தண்ணீர்தான், ஆனால் ஓடாமல் நிற்கும். விபத்தில் எலும்பு நொறுங்கி நடுவில் ஒரு துண்டே இல்லாமல் போனால், அந்த இடைவெளியில் இதை ஊசியால் செலுத்த வேண்டும் என்பது திட்டம். குளிரில் திரவமாக இருக்கும், உடம்புச் சூட்டில் கெட்டியாகும். எலும்புச் செல்கள் அதைப் பற்றிக்கொண்டு வளரும்.

"பாகற்கொடிக்குப் பந்தல் போடற மாதிரி சார். கொடி நின்னுச்சுன்னா, பந்தல் தானா கரைஞ்சிடும்" என்பார், என்னைச் சுற்றி நடந்துகொண்டே. கேட்பவனுக்குத்தான் கழுத்து வலிக்கும்.

ஆட்டெலும்பு, ஓட்டையில் ஜெல் நிற்கிறதா என்று பார்க்க. மனிதனுக்கு முன்னால் முயலுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்காகச் செய்த முதல் தொகுதி, கல்லூரி ஃப்ரிட்ஜ் பழுதானதில் ஊசிக்குழாய்களுக்குள்ளேயே கெட்டித்துப்போனது. கையிருப்பில் மிஞ்சியது இன்னொரு தொகுதி. இதுவும் வீணானால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா என்று மேலிடம் சொல்லிவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி அதைச் சரோஜாக்கா ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைத்திருந்தார், தயிருக்கும் மல்லிகைப்பூவுக்கும் நடுவே.

அன்று மாலைக்குள் அது, முயல்கள் இருக்கும் சென்னை ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஜெல்லு சார் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவை எட்டிப் பார்த்தார்.

"கார் சொல்லியிருந்தேன், இன்னும் காணோமே?"

"இன்னிக்கு எந்தக் கார் உள்ள வரும்?" என்றார் சரோஜாக்கா.

"ஏன், இன்னிக்கு இன்னா?"

சரோஜாக்கா என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். தெரு முழுக்க ஜனம், எல்லோரும் ஒரே திசையில், செருப்பில்லாமல்.

இந்த ஊரில் பௌர்ணமி எப்போது என்று தெரியாத மனிதரை அன்றுதான் பார்த்தேன். அவர் பார்ப்பதெல்லாம் பெட்டிக்குள் வைத்த தெர்மாமீட்டரை மட்டும்.

சென்னைப் பேருந்துகள் காஞ்சி சாலையில் ஊருக்கு வெளியே நிற்கும். மலையைப் பாதி சுற்றினால்தான் பிடிக்க முடியும். தனியாக விட்டால் பெட்டியை யார் மேலாவது கவிழ்ப்பார் என்று நானும் உடன் போனேன். கூட்டம் நடந்தது, இவர் கூட்டத்துக்குள் ஓடினார். "யோவ், சாமிய சுத்தறியா, சாமி உன்ன தொரத்துதா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

அடி அண்ணாமலையில் ஒரு சர்பத் வண்டியருகே, சூட்டைப் பார்ப்பதற்காகப் பெட்டியைக் கீழே வைத்து மூடியைத் திறந்தார். அதுதான் தப்பு. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் ஒருவர் பெட்டியை வைத்துத் திறந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிமிர்வதற்குள் பின்னால் வரிசை நின்றது.

"மோரா தம்பி, பானகமா?"

"இது குடிக்கிறது இல்லம்மா."

"பின்ன, சுண்டலா?"

"எலும்பு ஒட்ட வெக்கிற ஜெல்லும்மா!"

உண்மையைச் சொன்னது இரண்டாவது தப்பு. வரிசை இரட்டிப்பானது. மலையைச் சுற்றுகிறவர்களுக்கு வலிக்காத முட்டி ஏது? ஒரு பெரியவர் வேட்டியை மடித்து, காலை நீட்டித் தயாராகவே உட்கார்ந்துவிட்டார். கூட்டமே சிரித்தது.

சர்பத் வண்டிக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. பெயர் ஏழுமலை, கீழ்பென்னாத்தூர்க்காரர். மல்லாட்டை என்று அவர் சொன்ன வேர்க்கடலை மூட்டைகளோடு வேன் கவிழ்ந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு துண்டு போய்விட்டது. காலுக்கு வெளியே இரும்புக் கம்பிகள் நின்றன.

"இடுப்பெலும்புல கொஞ்சம் எடுத்து இங்க வெக்கலாம்ங்கறாரு டாக்டரு. எனக்கு பயமா கீது. உன் ஜெல்லு இதுக்கு ஆவுமா சார்?"

ஜெல்லு சார் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். தரையில், ஏழுமலையின் பாதத்துக்குப் பக்கத்தில்.

"இதுக்குத்தாங்க செய்யறேன். ஆனா இப்ப போட முடியாது. மொதல்ல முயலு. மனுஷனுக்கு வர இன்னும் எத்தினியோ வருஷம் ஆவும். நீங்க காத்துனு இருக்காதீங்க. டாக்டர் சொல்றத கேளுங்க."

"முயலுக்கு இன்னா அவசரம்? அது எந்த கிரிவலத்துல கால ஒடச்சிக்கிச்சு?" என்றார் ஏழுமலை.

வரிசை சிரித்தது. ஜெல்லு சார் தெர்மாமீட்டரைப் பார்த்து, "ஏறுது சார்" என்றார் என்னிடம். பெட்டிக்குள் ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீராகியிருந்தது.

ஏழுமலை ஸ்டூலில் இருந்தபடியே கோணியை விலக்கினார். உள்ளே அன்றைய வியாபாரத்துக்கான ஐஸ் கட்டி.

"ஒடச்சிப் போட்டுக்க. பூராத்தையும்."

"உங்க யாவாரம்?"

"இன்னிக்கு சூடா சர்பத் விக்கிறேன். போய்யா, பஸ்ஸு போயிடும்."

ஐஸை உடைத்துப் போட்டது அந்த வரிசைதான். "வழி உடு, எலும்பு மருந்து போவுது" என்று முன்னால் குரல் கொடுத்ததும் அதுதான். காஞ்சி சாலைக்கு நாங்கள் போவதற்குள் செய்தி முந்திக்கொண்டுவிட்டது. பெட்டிக்குள் ஒரு முழுக்கால் இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். கண்டக்டர் பயபக்தியோடு முன்சீட்டைக் காலிசெய்து கொடுத்தார். ஜெல்லு சார் சென்னை வரை நின்றுகொண்டே போனார்.

ஜெல் திரவமாகவே போய்ச் சேர்ந்தது. முயல்களுக்குப் போட்டார்கள். எலும்பு வளர்ந்ததா என்று தெரிய மாதங்கள் ஆகும் என்றார், என்னைச் சுற்றி நடந்துகொண்டே.

அடுத்த பௌர்ணமிக்கு நான் அடி அண்ணாமலை வழியாகப் போனேன். ஏழுமலை அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். சர்பத் வண்டி அதே இடத்தில்தான் நின்றது. பக்கத்தில் அந்த ஐஸ் பெட்டி. வண்டிக்குப் பின்னால், ஸ்டூலில் உட்கார்ந்து, ஜெல்லு சார் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார்.