லாரிக்குத் தெரியாத முதுகு

காலை ஆறே காலுக்கு, சிம்பாங் பூலாய் சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால், தனேஸ்வரன் ஒரு லாரி டயரில் எழுதியிருந்ததை மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டே படித்தார். அவ்வளவு பக்கம். கல் ஏற்றிய லாரி பின்னாலிருந்து வந்து, உரசாமல் உரசி, இடது பக்கம் வெட்டியது. அவருடைய மோட்டார் புல்லில் இறங்கி, ஒரு மரவள்ளிச் செடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது.

லாரிக்காரன் இறங்கி ஓடி வந்தான். திட்ட வாய் திறந்த தனேஸ்வரன், அந்த ஆள் தம்மைவிட அதிகமாக நடுங்குவதைப் பார்த்து மூடிக்கொண்டார். தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை என்று அவன் மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவன் திட்டியிருந்தால் மறந்திருக்கலாம். தெரியவில்லை என்றதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தனேஸ்வரனுக்கு எண்பத்தாறு கிலோ எடை. பளிங்குக்கல் தொழிற்சாலையில் பதினெட்டு பேருக்கு சூப்பர்வைசர். அவர் தலை தெரிந்தால் பதினெட்டு கைப்பேசியும் பாக்கெட்டுக்குள் போகும். ஆனால் விடியாத சாலையில் அவர் இல்லை. ஒரு லாரி அவர் இருந்த இடத்தில் வெறும் இருட்டைத்தான் பார்த்திருக்கிறது.

இதைக் குமுதாவிடம் சொல்ல முடியாது. மோட்டாரை விற்றுவிட்டுத் தொழிற்சாலை வேனில் போங்கள் என்று அவள் இரண்டு வருடமாகச் சொல்லி வருகிறாள். ரப்பர் மரங்களுக்கு நடுவில் லைட்டே இல்லாமல் ஓட்டியவன் நான், எனக்கா பயம் என்று அவரும் இரண்டு வருடமாகச் சொல்லி வருகிறார். இப்போது சொன்னால் மோட்டார் போய்விடும். சொல்லாவிட்டால் உயிர் போய்விடும். மோட்டாரை வைத்துக்கொண்டு உயிரையும் காப்பாற்ற வழி உண்டா என்று அன்று முழுக்க யோசித்தார்.

சாயந்திரம் குமுதா அவருடைய காற்சட்டையைப் பார்த்தாள்.

"என்னாங்க, முழங்கால்ல புல்லு?"

"ஃபேக்டரியில."

"கல்லு ஃபேக்டரியிலயா?"

"புதுசா போட்டிருக்காங்க லா. பார்வையா இருக்கட்டும்னு."

குமுதா மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் கேட்பதை நிறுத்தினால் விஷயம் முடிந்தது என்று பத்தொன்பது வருடமாக நம்பி வருகிறவர் தனேஸ்வரன்.

மறுநாள் வேலை முடிந்து ஈப்போவுக்குப் போய், மோட்டார் சாமான் விற்கும் ஒரு சீனத்தியிடம் ஜாக்கெட் வாங்கினார். முதுகு முழுவதும் ஒரு முழம் அகலத்துக்கு வெள்ளிப் பட்டை. கடைக்காரி கைப்பேசி விளக்கை அதன்மேல் அடித்துக் காட்டினாள். தனேஸ்வரன் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். இனி எந்த லாரிக்காரனும் தெரியவில்லை என்று சொல்ல முடியாது.

ஜாக்கெட்டைக் காகிதத்தில் சுற்றி, காய்கறி வாங்கும் பாசார் பைக்குள் வைத்து, அதை மோட்டாரின் முன் கூடையில் மழைக்கோட்டுக்கு அடியில் புதைத்தார். காலையில் வீட்டிலிருந்து வழக்கமான கறுப்புச் சட்டையோடு கிளம்புவார். லகாட் ஊர் முனையில், பூட்டிய மளிகைக்கடை விளக்கடியில் நிறுத்துவார். தெரிந்தவர் யாரும் வருகிறார்களா என்று திருடன் மாதிரி இரண்டு பக்கமும் பார்ப்பார். பிறகு எப்போதும்போல, ஜிப் முதுகுப் பக்கம் வரும்படி ஜாக்கெட்டுக்குள் கைகளை நுழைத்துக்கொண்டு கிளம்புவார்.

பயம் மட்டும் குறையவில்லை. பின்னால் இரைச்சல் கேட்டால் தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும். இரைச்சல் கேட்காவிட்டால், சத்தமே போடாமல் ஏதோ வருகிறது என்று தோன்றும். லாரிகள் முன்பு போலவே உரசிக்கொண்டு போயின. ஒளிரும் ஸ்டிக்கர்கள் வாங்கி, கண்ணாடி முன் நின்று ஹெல்மெட்டில் ஒவ்வொன்றாக ஒட்டினார். தைப்பூசத் தேர் மாதிரி ஜொலித்தது. குமுதா பார்த்துவிடக் கூடாதென்று, ஒட்டிய பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

பத்தாம் நாள் ஒரு வேன் அவருடைய முதுகை முகர்ந்துகொண்டு வந்து ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. ஓரம் ஒதுங்கிக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது சாலையில் யாருமில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பொழுது சாய்ந்ததும் குமுதா கையில் டார்ச்சோடு வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, அந்த ஜாக்கெட்ட போட்டுட்டு மோட்டார்ல ஏறி உட்காருங்க."

"எந்த ஜாக்கெட்டு?"

"மழைக்கோட்டுக்கு அடியில, பாசார் பைக்குள்ள, பேப்பர் சுத்தி இருக்கே, அந்த ஜாக்கெட்டு."

போட்டுக்கொண்டார். ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். குமுதா வாசல் விளக்கை அணைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் சந்து முனைவரை நடந்தாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்லா!"

"குரல் வருது. ஆளக் காணோமே."

"டார்ச்ச நல்லா அடி!"

"நல்லாத்தான் அடிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பூனை தெரியுது. அதுக்கு அந்தாண்ட ஒண்ணுமே இல்ல. எங்க, இப்பிடித் திரும்புங்க."

திரும்பினார். வெளிச்சம் அவர் நெஞ்சில் பட்டுச் சந்தெல்லாம் தெறித்தது.

"அம்மாடி, கண்ணு கூசுது! எதிர்ல வர்றவனுக்கு மட்டும் உயிரோட இருக்கீங்க."

தனேஸ்வரன் குனிந்து பார்த்தார். வெள்ளிப் பட்டை நெஞ்சில் இருந்தது. கண்ணாடி பார்த்து ஒட்டிய ஸ்டிக்கர்களும் நெற்றிப் பக்கம்தான். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார். திறந்து கிடந்த ஜாக்கெட்டின் இரண்டு ஓரங்கள், நடுவில் கறுப்புச் சட்டை. பதினாலு வயதிலிருந்து, நெஞ்சில் காற்று அடிக்காமலிருக்க, ஜாக்கெட்டை முன்பின்னாகத்தான் போட்டு வருகிறார். இங்கே எல்லாரும் அப்படித்தான். யாராவது நேராகப் போட்டு ஓட்டினால்தான் ஆள் வெளியூர் என்று நினைப்பார்கள்.

பத்து நாள். பத்து நாளும் லாரிகளுக்கு முன்னால் இல்லாமலே போய்விட்டு வந்திருக்கிறார். நேற்று வரைக்குமான பயம் மொத்தமும் இப்போது ஒரே தவணையில் வந்து இறங்கியது.

குமுதா பக்கத்தில் வந்து, தன் முந்தானையால் மோட்டாரின் பின் லைட்டைத் துடைத்தாள். கல் தூசி மாவு மாதிரி உதிர்ந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து வேலைக்குப் போறப்ப, எங்க கையுறை ஃபேக்டரி வேன்ல உங்களுக்குப் பின்னாலதான வந்தேன். டிரைவர் செபாஸ்டியன் அண்ணே திடீர்னு பிரேக் போட்டு ஹாரன் அடிச்சாரு. யாரும்மா அது கறுப்பா போகுதுன்னாரு. யாரோ பைத்தியம்ணே, மெதுவா போங்கன்னேன்."

"பைத்தியமா?"

"புருசன்னு சொல்லவா? வேன்ல பதினோரு பொம்பளைங்க!"

சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். குமுதா டார்ச்சைத் தரைப்பக்கம் தாழ்த்திவிட்டாள்.

"பத்தொன்பது வருசமா பாக்குற முதுகுலா. இன்னும் ரெண்டடி. அவ்ளோதான் இருந்துச்சு."

தனேஸ்வரன் ஜாக்கெட்டைக் கழற்றித் திருப்பிப் பிடித்தார்.

"நாளையிலேருந்து நேரா போடறேன்" என்றார்.

"போடுவீங்க. காத்து அடிக்கும். மழை வரும். மூணாம் நாளு திருப்பிக்குவீங்க."

"அப்ப மோட்டார விக்கணும், அதானே?"

"யாரு விக்கச் சொன்னா? எனக்கு வேணும்."

உள்ளே போய் ஓர் அட்டையைக் கொண்டு வந்தாள். மோட்டார் ஓட்டும் லைசென்ஸ். குமுதாவின் படம் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"எப்ப எடுத்த?"

"போன மாசம். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு யாரு ஓடுறதுன்னுதான்."

"எங்க படிச்ச?"

"பத்து காஜா டவுன்ல. பாப்பா அக்காவுக்கு முழங்கால் வலின்னு ஞாயித்துக்கிழமையெல்லாம் போனேன்ல?"

"நான்தானே கொண்டு போய் விட்டேன்!"

"ஆமா. ஒரு நாளு கூட கிளாசுக்கு லேட்டானதில்ல."

தனேஸ்வரனுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

"முன்னால ஓட்டுறவங்களுக்குத்தான் காத்து," என்றாள் குமுதா. "பின்னால உட்கார்றவங்க ஜாக்கெட்ட நேரா போட்டுக்கலாம். உங்கள விட்டுட்டு நான் அப்படியே வேலைக்குப் போறேன். இடுப்பப் பிடிச்சுக்கணும். சாஞ்சா சேர்ந்து சாயணும்."

திங்கள் காலை அப்படியே நடந்தது. வெள்ளிப் பட்டை முதுகில். ஜிப் கழுத்துவரை. குமுதா தலையைத் திருப்பாமல் ஓட்டினாள். அவர்தான் ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார்.

"ஃபேக்டரி கேட்டுக்கு முன்னாடியே இறக்கி விட்டுடு," என்றார் அவள் காதருகில். "பதினெட்டு பேரு இருக்கானுங்க."

"நடந்து போற ஆளும் லாரிக்குத் தெரியாதுலா. உள்ளாறயே விடறேன்."

சிம்பாங் பூலாய் விளக்குகள் தெரிந்தன. பின்னால் கல் லாரியின் இரைச்சல். தோள்கள் காதுக்கு ஏறின. தனேஸ்வரன் உடம்பைச் சுருட்டி மனைவியின் முதுகுக்குள் பதுங்கினார். இரண்டு வருடம் கட்டிக் காத்த வீராப்பை விட்டுவிட்டார்.

"குமுதா, எனக்குப் பயமா இருக்கு."

"தெரியும்" என்றாள் அவள். "நிமிந்து உட்காருங்க, பட்டை தெரியட்டும். லாரி வருது. உங்கள எதுக்கு ஏத்திட்டு வந்தேன்?"