வைஃபையில் ஐந்தாவது ஆள்

"ஜெபா, நம்ம ஊட்டுல வைஃபைல எத்தினி ஐட்டம் இருக்குது?"

காலை எட்டரை மணி. கழுத்தில் டை, கையில் செல்போனோடு நின்றுகொண்டிருந்தார் தாவீது. அவருடைய வெள்ளைச் சட்டையின் முன்பக்கத்தை மட்டும் மகள் ஜெபா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கேமராவில் முதுகு தெரியாது என்பது அவள் கணக்கு.

"உன் போன், என் போன், டிவி, லேப்டாப். நாலு. அம்மா போனை அம்மா எடுத்துக்கினு டூட்டிக்குப் போயிடுச்சு."

"இதுல அஞ்சு காட்டுதே!"

ஜெபா எட்டிப் பார்த்தாள். ஐந்தாவது வரியில் 'லேப்டாப்' என்று தொடங்கி, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர் இருந்தது. அதன் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

"எவனோ நம்ம நெட்டைத் திருடிக்கினு இருக்கான்" என்றார் தாவீது. குரல் தானாகவே தாழ்ந்துவிட்டது. "நேத்து ஏன் சிக்கிச்சுன்னு இப்பப் புரியுது."

நேற்று சாயங்காலம் ஜெபா படுக்கையறையில் உட்கார்ந்து வீடியோவில் அதிகாரி மாதிரி கேள்வி கேட்க, அவர் ஹாலில் உட்கார்ந்து பதில் சொல்லிப் பழகினார். "என்னுடைய பலம் என்னவென்றால்" என்று தொடங்கியவரின் முகம், வாய் திறந்தபடியே உறைந்துபோனது. ஒரு நிமிஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. ஜெபா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறாள்.

இன்று பதினோரு மணிக்கு அப்படி ஆகக் கூடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் பத்தொன்பது வருஷம் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்தவர் தாவீது. ஆலையை மூடி மூன்று மாதமாகிறது. பதினான்கு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டதில் ஒரே ஒரு கம்பெனிதான், ஒரு பாட்டில் தொழிற்சாலை, கூப்பிட்டிருக்கிறது. அதுவும் வீடியோவில். செல்போன் டேட்டாவை நம்பவும் வழியில்லை. அந்தத் தெருவில் டவர் ஒரு கோடு எழும்பும், பேச ஆரம்பித்ததும் படுத்துக்கொள்ளும்.

"டாடி, இப்போதைக்கு விடு. இன்டர்வியூ முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

"திருடனை உள்ள வச்சிக்கினு நான் இன்னா பதில் சொல்றது?"

அந்த வரியைத் தொட்டு 'தடை செய்' என்பதை அழுத்தினார். பச்சைப் புள்ளி அணைந்தது. அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. மூன்று நிமிஷத்தில் போய்விட்டது.

பட்டியலில் புதிதாக ஒரு செல்போன் ஏறியிருந்தது.

"பாத்தியா! வேற ரூட்டுல வர்றான்." அதையும் தடை செய்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு செல்போன்.

"ரெண்டு பேரா இருப்பாங்களோ?" என்றாள் ஜெபா.

"கும்பலா இருக்கும்டி. இதுக்குன்னே குரூப்பா அலையறாங்களாம்."

மூன்றாவதைத் தடை செய்யும் அவசரத்தில் விரல் ஒரு வரி மேலே பட்டது. ஹாலில் லேப்டாப்பின் இணைப்பு அறுந்தது. அதை மறுபடி உள்ளே விட எங்கே அழுத்துவது என்று அப்பாவும் மகளும் தேடித் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஒன்பதரை ஆகிவிட்டது. அந்த மூன்றாவது ஆளின் பச்சைப் புள்ளி அதுவரை நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

தாவீது பல்லைக் கடித்தார். "ஒவ்வொருத்தனா துரத்தினா ஆவாது. பூட்டையே மாத்தணும்."

பழைய பாஸ்வேர்ட் மனைவி விக்டோரியாவின் பிறந்த தேதி. அதை அழித்துவிட்டு, பதினாறு எழுத்தில் புதிதாக ஒன்று அடித்தார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரக் குறி, நடுவில் ஒரு ஆச்சரியக் குறி.

"எழுதி வச்சுக்கோ டாடி."

"பாஸ்வேர்டை எழுதவே கூடாதுன்னு கம்பெனி டிரெய்னிங்ல சொல்லிக்கிறாங்க. எல்லாம் மண்டைல இருக்குது."

அவர் 'சேமி'யை அழுத்திய நொடியில் எல்லா இணைப்பும் அறுந்தது. திருடர்கள் வெளியே போனார்கள். அவர்களோடு டிவி, லேப்டாப், இரண்டு செல்போன் எல்லாம் வெளியே போயின.

"சரி, புது பாஸ்வேர்டைப் போடு" என்றாள் ஜெபா.

தாவீது போட்டார். தவறு என்றது. நட்சத்திரத்தை முன்னால் வைத்துப் போட்டார். தவறு. ஆச்சரியக் குறிக்குப் பதில் கேள்விக் குறியோ என்று சந்தேகம் வந்தது. அதுவும் தவறு. நெற்றியில் வியர்வை அரும்பியது.

"மண்டைல இருக்குதுன்னியே?"

"இருக்குது. ஆனா வர மாட்டேங்குது."

மணி பத்து. அவர் நேராக ரவுட்டரிடம் போனார். அதன் முதுகில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, குத்தினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று எங்கோ கேட்டிருந்தார். ஜெபாவின் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினார்.

"டாடி, வேணாம். யாரையாச்சும் கேட்டுக்கினு..."

குத்திவிட்டார்.

ரவுட்டரில் எல்லா விளக்கும் அணைந்தன. பிறகு ஒரே ஒரு விளக்கு எரிந்தது. சிவப்பு. அது பச்சையாகும் என்று இருவரும் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தார்கள். ஆகவில்லை.

தாவீது மொட்டை மாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று, நெட் லைன் பார்க்கும் பூவராகவனுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, நான் எளாவூர்ல கம்பத்து மேல இருக்கேன். மத்தியானமா வரேன்."

"ராசா, பதினோரு மணிக்கு இன்டர்வியூடா. மூணு மாசம் கழிச்சு ஒருத்தன் கூப்ட்டுக்கிறான். நீ வரலைன்னா அதுவும் பூடும்."

எதிர்முனையில் அவன் கம்பத்திலிருந்து சரசரவென்று இறங்கும் சத்தம் கேட்டது. "எறங்கிட்டேன், வரேன்" என்றான் பூவராகவன்.

அவன் பைக்கை நிறுத்தும்போது பத்து நாற்பது. ரவுட்டரைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான்.

"ரீசெட் குத்திட்டியா? இன்னாண்ணா பேஜாரு பண்ணி வச்சுக்கிற. நம்ம ஆபீஸ்ல போட்டுக் கொடுத்த செட்டிங் மொத்தமும் காலி."

"திருடன் பூந்துட்டான் பூவராகா."

"திருடன் பூந்தாலும் லைன் இருந்திருக்குமே!"

அவன் மாடிக்கு ஓடி ஆபீசுக்குப் பேசி, கையில் எழுதிக்கொண்டு வந்து, லேப்டாப்பைக் கம்பியால் இணைத்து, ஏதேதோ தட்டினான். ஜெபா நிமிஷத்துக்கு ஒரு தடவை நேரம் சொன்னாள். தாவீது அவளிடம் சொல்லாதே என்றார். அவள் நிறுத்தியதும், மணி என்ன என்று கேட்டார்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு விளக்கு பச்சையானது.

"புது பாஸ்வேர்ட் போடுண்ணா."

"நீ திரும்பிக்கோ."

"கம்பத்துலேர்ந்து எறங்கி வந்த என்னியவா?"

"யாரா இருந்தாலும் திரும்பிக்கோ."

பூவராகவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். இந்தத் தடவை தாவீது உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். "நெட்வொர்க் பேரே வெளிய தெரியாத மாதிரி மறைச்சுடு" என்று வேறு சொன்னார். மறைத்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அவன் எளாவூருக்குப் பறந்தான்.

பத்து ஐம்பத்தெட்டு. சட்டையை மாட்டி, தலையை ஒதுக்கி, இன்டர்வியூ லிங்கைத் தொட்டார். தெளிவாகத் திறந்தது. அவர் முகம் கண்ணாடியில் பார்ப்பதைப் போலத் தெரிந்தது. கீழே ஒரு வரி: 'அதிகாரி அனுமதிக்கும் வரை காத்திருக்கவும்.'

செல்போனில் பட்டியலை ஒரு பார்வை பார்த்தார். நான்கே நான்கு. திருடர் கும்பல் சுத்தமாக ஒழிந்திருந்தது.

பதினோரு மணி. முதுகை நிமிர்த்திப் புன்னகையை வைத்துக்கொண்டார். எந்த நொடியும் அதிகாரி வரலாம்.

பதினொன்று ஐந்து. புன்னகை வலிக்க ஆரம்பித்தது. கேமராவுக்குத் தெரியாமல் ஜெபா தரையில் உட்கார்ந்து, காலண்டர் அட்டையால் அவருக்கு விசிறினாள்.

பதினொன்று பத்து. "நம்ம நெட்டுதான் சரியில்லையோ?" என்றார் உதடு அசையாமல்.

"இல்ல டாடி, நல்லாத்தான் இருக்குது. அவங்கதான் வரலை."

"வேற ஆளை எடுத்துட்டாங்களோ?"

ஜெபா இன்னும் வேகமாக விசிறினாள். பதினொன்று இருபதுக்கு அவர் டையைக் கொஞ்சம் தளர்த்தினார். அவர் கண்ணைப் பார்க்க ஜெபாவுக்குப் பயமாக இருந்தது.

அப்போது காலிங் பெல் அடித்தது.

கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டுக்குப் போன வாரம் குடிவந்த பெண் முபீனா. பழவேற்காட்டுக்காரி. கட்டின புருஷன் தாஹாவுக்கு இங்கே ஏதோ கம்பெனியில் வேலை என்பதற்கு மேல் தாவீதுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அக்குளில் ஒரு லேப்டாப், கையில் இரண்டு செல்போன்.

"அண்ணா, மன்னிச்சுக்கோங்க. உங்க வைஃபை காலையிலேர்ந்து வரல. என் லேப்டாப்புல போச்சு, என் போன்ல போச்சு, அவரு போன்லயும் போச்சு. இப்ப பேரே காணோம். எங்க லைன் நாளைக்குத்தான் வருது, அதுவரைக்கும் போட்டுக்கோன்னு விக்டோரியா அக்காதான் பாஸ்வேர்ட் கொடுத்தாங்க..."

தாவீதுக்குள் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒரே மூச்சில் பொங்கி வந்தது.

"நீதானாம்மா அது? ஊட்டுக்காரனைக் கேக்க வேணாம்? ஒரு மனுசன் மூணு மாசமா வேலை இல்லாம உக்காந்துக்கினு இருக்கான். இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவனுக்கு நெட்டு வேணும். உன்னாலதான் எல்லாம் நாசமாப் போச்சு! அடுத்தவங்களோட கஷ்டம் உனக்கு இன்னா தெரியும்?"

முபீனாவின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நகரவில்லை.

"தெரியும்ணா. அதனாலதான் வெக்கத்தை விட்டு வந்து நிக்கிறேன். தாவீதுன்னு ஒருத்தரை நான் பதினோரு மணிக்கு இன்டர்வியூ எடுக்கணும், பாவம், அவரு இருபது நிமிஷமா லைன்ல காத்துக்கினு இருப்பாரு."