பதிமூணு நம்பர் ஸ்பானர்

என் மகனின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்த ஒரே ஆள் நான்தான். அதுவும், மனிதருக்குள் பேதம் பார்ப்பதைக் கண்டித்து முழங்கிக்கொண்டே கெடுக்கப் பார்த்தேன்.

பினாங்கு முழுக்கத் தேடினாலும் ஸ்பானர் அண்ணனைப் போல நாவல் படிக்கிறவர் கிடையாது. ஜுருவில் காடி, அதாவது கார், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். படித்த பக்கத்துக்கு அடையாளமாகப் பதிமூணு நம்பர் ஸ்பானரைச் செருகி வைப்பார். புத்தகம் அஜீரணம் பிடித்த மாதிரி வயிறு உப்பி நிற்கும்.

ஜார்ஜ் டவுனில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு நான் செயலாளர். ஒரு பழைய நாவலைப் பல வாரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். கதையில் ஒரு சின்ன டவுன். ஆற்றின் இந்தக் கரைக்காரர்கள் அந்தக் கரைக்காரர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். எனக்குக் கண் கலங்கியது. மற்றவர்களுக்குக் கண் சொக்கியது. புதிதாகச் சேர்ந்த ஸ்பானர் அண்ணன் மட்டும் எழுந்து, நாற்காலி மேல் ஏறி, நின்றுபோயிருந்த காற்றாடியைக் கழற்றத் தொடங்கினார்.

“நீங்க பேசுங்க. உங்க பேச்சுல காத்து வரல, அதான்.”

தேநீர் வேளையில் அவரிடம் போனேன்.

“அண்ணே, பூர்வீகம் எந்த ஊரு?”

“இங்கதான், பத்து காவான்.”

“இல்லண்ணே, அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி நான் பொறக்கலலா.”

அடுத்த வாரம் தாத்தாவிலிருந்து பிடித்தேன். “தாத்தாவும் பத்து காவான். ரப்பர் எஸ்டேட்ல பால் மரம் வெட்டுனாரு.”

“அவரோட அப்பா?”

“கப்பல்ல வந்தாரு.”

“எங்கேருந்து?”

“தண்ணியிலேருந்து.”

ஊர் தெரிந்து நான் பஸ் ஏறப் போவதில்லை. அந்தக் கேள்வி எதைத் தேடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சாதியை நேராகக் கேட்க வெட்கம். அதனால் ஊரைக் கேட்கிறோம். அவருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாவது வாரம் மகன் வந்து நின்றான். “பா, என்கூட வேலை பாக்குற பொண்ணத்தான் கட்டிக்கப் போறேன். அவ அப்பாவ உங்களுக்குத் தெரியும். ஸ்பானரோட வருவாரே.”

“ஸ்பானர் அண்ணனா?” என்றேன்.

“இந்த நாவல் முடியுறவரைக்கும் உங்களப் பாத்துட்டுதான் பதில் சொல்வேன்னுட்டாரு. நேத்து, ‘வேணாம்மா’ன்னு அவகிட்ட சொல்லிட்டாராம். நீங்க என்னப்பா கேட்டீங்க?”

அன்றே கடல் பாலம் தாண்டி ஜுருவுக்கு ஓடினேன். ஒரு காடிக்கு அடியில் அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

“அண்ணே, தப்பா கேட்டுட்டேன். பிள்ளைங்களத் தண்டிக்காதீங்க.”

கை மட்டும் வெளியே வந்தது. “பதிமூணு நம்பர எடுங்க.”

அது நாவலுக்குள் இருந்தது. திறந்தேன். இனிக்க இனிக்கப் பேசியபடி, “நீங்க எந்தக் கரை?” என்று வருகிறவர்களை எல்லாம் விசாரிக்கும் பெரிய மனிதர் வரும் பக்கம். ஓரத்தில் கொட்டை எழுத்தில், ‘நம்ம செயலாளர்’.

ஸ்பானரை அவர் கையில் வைத்தேன்.

அவர் மெதுவாக வெளியே வந்தார். முகமெல்லாம் கருப்பெண்ணெய்.

“கதைல இந்தாளு கடைசிவரைக்கும் ஆத்தத் தாண்டல. நீங்க கடலையே தாண்டி வந்துட்டீங்க. உக்காருங்க, டீ குடிக்கலாம்.”

கல்யாணப் பந்தியில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் பக்கத்தில் எனக்கு இடம். எந்த ஃபேக்டரியில் வேலை என்றுதான், சத்தியமாக, கேட்க வந்தேன். “நீங்க எந்த…” என்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“சம்பந்தி, சாப்பிட மட்டும் வாயத் தொறங்க.”