ஒரு கட்டம்கூடக் காலியில்லை

விண்வெளியில் இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட உயிரினங்களிலேயே விசித்திரமானது எது என்று கேட்டால், ஆறு கால் பிராணி, நெருப்பைத் தின்னும் புழு என்று ஏதாவது சொல்வீர்கள். அதெல்லாம் சும்மா. அதைவிட விசித்திரமான ஒன்று நம் சொந்தபந்தத்திலேயே இருக்கிறது. கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கிரகம் கிரகமாகப் போய்க் கல் பொறுக்கும் உயிரினம் அது. இருக்கட்டும்காரர் என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். ஏன் அந்தப் பெயர் என்பது கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே விளங்கிவிடும்.

இந்த வீடியோ விளையாட்டை ஆடாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. விண்கலத்தில் ஏறி, பேர் தெரியாத கிரகங்களில் போய் இறங்க வேண்டும். கிடைப்பதை எடுத்து, அதை வைத்துக் கருவி செய்து, எரிபொருள் செய்து, இன்னும் தூரம் போக வேண்டும். எடுப்பதைப் போட்டுக்கொள்ள முதுகில் ஒரு பை. பையைத் திறந்தால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு கட்டத்துக்கு ஒரு வகைப் பொருள். ஒரே வகையென்றால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளலாம், வகை மாறினால் புதுக் கட்டம் வேண்டும். கட்டம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பிரபஞ்சத்தை எல்லையில்லாமல் செய்துவிட்டுப் பையை மட்டும் சின்னதாகச் செய்தவன் யாரோ, அவனுக்கு மனிதர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சாதாரண ஆள் ஒரு கிரகத்தில் இறங்கினால் என்ன செய்வான்? நிமிர்ந்து பார்ப்பான். வானத்தில் மூன்று நிலா இருக்கும், தூரத்தில் ஒரு மலை தலைகீழாகத் தொங்கும், அடடா என்பான். இருக்கட்டும்காரர் குனிந்து பார்ப்பார். அவர் இதுவரை எத்தனையோ கிரகங்களுக்குப் போயிருக்கிறார், ஒன்றின் வானம் என்ன நிறம் என்று கேட்டால் விழிப்பார், ஆனால் எந்தக் கிரகத்தில் எந்தக் கல் எந்த மேட்டுக்குப் பின்னால் கிடக்கிறது என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். துருப்பிடித்த திருகாணியை எடுப்பார். எவனோ விட்டுப்போன உடைந்த ஆன்டெனாவை எடுப்பார். எதற்கு என்று கேட்டால் அதற்கு ஒரே பதில்தான்.

"இருக்கட்டும், தேவைப்படும்."

எப்போது தேவைப்படும்? அதைக் கேட்கக் கூடாது. கேட்டால் நம்மை ஊதாரிகளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

எனக்கு வாய்த்த இருக்கட்டும்காரர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. வேலையில் படு கறார். லிஃப்டில் பாரம் கூடி மணி அடித்தால், மேனேஜர் என்றும் பார்க்க மாட்டார், "கடைசியா ஏறினவங்க ரெண்டு பேர் இறங்குங்க" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர்கள் முனகிக்கொண்டே இறங்குவார்கள். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் உட்கார்ந்து, பை நிறைந்துவிட்டது என்று திரையில் சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று கத்திக்கொண்டிருக்க, இன்னொரு கல்லை எடுத்து உள்ளே திணிக்கப் பார்ப்பார்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே குழு. தங்கைக்குக் கம்ப்யூட்டர், மாப்பிள்ளைக்கு டிவி, நான் என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். கலம் ஓட்டுவது நான். தங்கை பயிர் பச்சை. வாரம் முழுக்க ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாயும் கண்ணாடித் தகடுமாக இருப்பவளுக்கு, எதையாவது நட்டு அது முளைப்பதைப் பார்க்க ஆசை. மாப்பிள்ளை சரக்கு. குழுவில் ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் பெரிய பையை அவருக்கே கொடுத்திருந்தோம். ஏன் அவருக்கு என்கிறீர்களா? அவருக்குத்தானே இடம் போதவில்லை!

பெரிய பை வந்த அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இனிமேல் நிம்மதி மச்சான் என்றார். டீ ஆறுவதற்குள் அதுவும் நிறைந்துவிட்டது. கலத்தின் கிடங்கு அதற்கு முன்பே நிறைந்திருந்தது. ஒரு கிரகத்தில் நாங்கள் கட்டியிருக்கும் தளத்தில் அவர் அடுக்கியிருக்கும் பெட்டிகளுக்குப் பெயர்கூட வைத்திருக்கிறார்: பலவகை, பலவகை புதிது, அப்புறம் பார்க்கணும். மூன்றாவது பெட்டியை அவர் திறந்து நான் பார்த்ததே இல்லை.

சரி, இவ்வளவு சேர்க்கிறாரே, ஆபத்துக்காவது உதவுமா? ஒருமுறை காற்றே இல்லாத கிரகத்தில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். எங்கள் உடையில் பிராணவாயு குறைந்துகொண்டே வந்தது. நானும் தங்கையும் ஆளுக்கொரு குப்பியை உடைத்துச் சுவாசித்துத் தப்பித்தோம். மாப்பிள்ளை மூச்சுத்திணறிச் செத்துப்போனார். அவர் பையைத் திறந்து பார்த்தால் ஒரு கட்டம் நிறைய பிராணவாயுக் குப்பிகள், ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"ஏன் மாப்பிள்ளை, ஒண்ண உடைச்சிருக்கலாமே?"

"அது அவசரத்துக்கு வச்சது மச்சான்."

செத்ததைவிட அவசரம் என்ன இருக்க முடியும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் மறுபிறவி எடுத்து, குப்பிகளை என்னிடமிருந்து திருப்பி வாங்கி, மறுபடி எண்ணி வைத்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சமாச்சாரம். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

தங்கைக்கு வேறு ஊரில் பயிற்சி. திங்கட்கிழமை காலையில் கிளம்ப வேண்டும், சில மாதம் ஹாஸ்டல் வாசம், அங்கே விளையாட்டெல்லாம் ஆட முடியாது. கல்யாணமாகி அவர்கள் பிரிந்து இருக்கப்போவது அதுதான் முதல் தடவை. அவள் வாரக்கணக்காக ஒரு பனிக்கிரகத்தில் நீலக்கொடி ஒன்றை வளர்த்து வந்தாள். விதை கிடைத்ததே அபூர்வம். முளைக்காது என்று நானே சொல்லியிருந்தேன். அவள் விடாமல் உரம் வைத்து, காற்றுக்குத் தடுப்புக் கட்டி, கடைசியில் அது விளக்குப்போல ஒளிவிட ஆரம்பித்திருந்தது. அதை எடுத்துவந்து எங்கள் தளத்தின் வாசலில் நட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அவள் ஆசை.

"நான் இல்லாதப்ப நீங்க அதுக்குத் தண்ணி விடுங்க. வாரா வாரம் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அது போதும்" என்று அவரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவள் அவரிடம் எதையும் கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தக் கொடியைச் சாதாரணக் கட்டத்தில் வைக்க முடியாது. பெரிய பையில் ஒரே ஒரு குளிர்க் கட்டம் உண்டு, அதில்தான் வைக்க வேண்டும். மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டால் அதே இடத்தில் திரும்ப நட முடியாது, அந்தக் கிரகத்துச் சூரியன் உதிப்பதற்குள் பைக்குள் போய்விட வேண்டும். பிடுங்கிய கொடிமேல் வெயில் பட்டால் போச்சு.

ஹாலில் அவள் சூட்கேஸ் பாதி மூடிக் கிடந்தது. காலையிலிருந்து அவர் 'இருக்கட்டும்' என்று எதையோ அதில் செருகுவதும், அவள் எடுத்து வெளியே வைப்பதுமாக இருந்தார்கள். மத்தியானம் மூவரும் பனிக்கிரகத்தில் இறங்கினோம்.

"ஏங்க, குளிர்க் கட்டம் காலியா இருக்குல்ல?"

"எல்லாம் ரெடி."

இந்த இனத்தின் மொழியில் 'எல்லாம் ரெடி' என்றால், காலி செய்ய வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறேன் என்று அர்த்தம். அது தெரியாமல் அவள் கொடியைப் பிடுங்கிவிட்டாள்.

"பையத் திறங்க."

திறந்தார். குளிர்க் கட்டத்தில் ஒரு பனிக்கட்டி இருந்தது.

வேறு ஏதாவது அரிய பொருளாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். வெறும் பனிக்கட்டி. அடிவானம் வரை பனி கொட்டிக்கிடக்கும் கிரகத்தில், முழங்கால் வரை பனியில் நின்றுகொண்டு, என் மாப்பிள்ளை ஒரு பனிக்கட்டியைக் கீழே போட யோசித்தார்.

"அதத் தூக்கிப் போடுங்க" என்றாள் அவள்.

"இரு இரு. இது சாதாரணப் பனி இல்ல. நாம ரெண்டு பேரும் முதல் கிரகத்துல சேர்ந்து எடுத்தது."

"நான் எடுக்கல. அது அண்ணன் எடுத்தது."

உண்மைதான், நான்தான் எடுத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கீழே போட்டேன். அவர் பின்னாலேயே வந்து பொறுக்கியிருக்கிறார்.

"சரி, போட வேணாம், மாத்தி வைக்கிறேன், ஒரே நிமிஷம்" என்று ஆரம்பித்தார். பனிக்கட்டியைச் சாதாரணக் கட்டத்துக்கு மாற்றினால் உருகித் தண்ணீராகிவிடும், தண்ணீருக்குக் குடுவை வேண்டும், குடுவையில் ஏதோ பச்சைத் திரவம், அது என்ன என்று அவருக்கும் தெரியாது, ஆனால் கொட்ட மனமில்லை, அதை ஊற்றப் பிராணவாயுக் குப்பி ஒன்றைக் காலி செய்யலாம், ஆனால் அது அவசரத்துக்கு வைத்தது, ஆகவே திருகாணிகளைக் கலத்துக் கிடங்குக்கு அனுப்பலாம், கிடங்கில் ஆன்டெனா, ஆன்டெனாவைப் பிரித்தால் இரண்டு பொருளாகும், இரண்டுக்கும் இரண்டு கட்டம். அவர் விரல்கள் பறந்தன. நெற்றி வியர்த்தது. சும்மா இருந்தார் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

"வெளிச்சம் வருது மாப்பிள்ளை!"

"முடிஞ்சுடுச்சு மச்சான், முடிஞ்சுடுச்சு."

திரையில் தங்கையின் உருவம் இரண்டு கையிலும் கொடியை ஏந்திக்கொண்டு அசையாமல் நின்றது. மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் வந்தது. கொடி நீலம் மங்கி, சாம்பலாகி, கீழே விழுந்தது. அது விழுந்த இடத்தில் 'காய்ந்த தழை' என்று எழுத்து வந்தது.

எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. விளையாட்டுச் செடிக்கு இவ்வளவு வருத்தமா என்று நீங்கள் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அவள் வாரக்கணக்கில் வளர்த்தது.

அப்போது மாப்பிள்ளையின் உருவம் குனிந்தது. அந்தத் தழையை எடுத்தது. பைக்குள் போட்டது. உள்ளே போய்விட்டது!

தங்கை திரும்பி அவரைப் பார்த்தாள். "இதுக்கு மட்டும் எப்படி இடம் வந்துச்சு?"

"காஞ்ச தழை ஏற்கெனவே வச்சிருக்கேன்ல, அதோட சேர்ந்துக்கிச்சு" என்றார் அவர், ஒரு நல்ல செய்தி சொல்வதுபோல.

"பரவால்லைங்க. விளையாட்டுதானே" என்றாள். எழுந்துபோய் சூட்கேஸை மூடினாள். ஒரே அழுத்தில் மூடிக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மாப்பிள்ளை சவரம்கூடச் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் அவள் நாற்காலியில் துவைத்த துணி கிடந்தது. "மச்சான், இங்க பாருங்க" என்று பையைத் திறந்து காட்டினார். குளிர்க் கட்டம் காலி. பனிக்கட்டியைப் போட்டுவிட்டார். என்னால் நம்பவே முடியவில்லை.

"அவ வந்து மறுபடி ஒண்ணு வளர்த்தா வைக்கணும்ல" என்றார். அன்று சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அதையே சொன்னார்.

"இங்க வேலை முடியவே நேரமாயிடுதுங்க. வந்தாலும் இனிமே விளையாடுவேனான்னு தெரியல. நீங்க வேற ஏதாவது வச்சுக்கோங்க. சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றார். சாப்பிட்டிருக்கவில்லை.

அதன்பிறகு அவர் அந்தக் கட்டத்தில் எதையும் வைப்பதில்லை. நான் ஒரு கல்லை வைக்கப் போனால்கூடக் கையைத் தட்டிவிடுகிறார். அவர் சேர்த்து வைத்திருக்கும் அத்தனை பொருள்களிலும் யாருக்கும் பயன்படாதது இப்போது அந்தக் காலி இடம்தான். அதையும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

நல்லவேளை, நீங்கள் இந்த இனம் இல்லை. உங்களுக்கு இந்த விளையாட்டே தெரியாது, கல் பொறுக்குகிற வழக்கமும் கிடையாது, யார் எப்போது என்ன கேட்டாலும் உடனே இடம் கொடுக்கிற ஆள் நீங்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் ஒரு சின்ன சந்தேகம். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார்களே, நீங்களும் தலையைத் தூக்காமலே 'ம், இதோ' என்றீர்களே.

என்ன கேட்டார்கள்?